சமையல் டூர்

ஒரே ஒரு தடவைதான் உப்பு மறந்துபோனது. பாம்பன் பாலம் தாண்டி, தங்கச்சிமடத்துக்கு முன்னால் சாலையோரமாக வேனை ஒதுக்கி, வேப்பமர நிழலில் அடுப்புப் பற்றவைத்தாகிவிட்டது. சாம்பார் கொதிக்கிறது. சமையலுக்கு வந்த அம்மா மூட்டைகளையெல்லாம் கவிழ்த்துப் பார்க்கிறார், உப்பு டப்பா இல்லை. கிளீனர் பையன் பெட்டிக்கடைக்கு ஓடி ஒரு பாக்கெட் வாங்கி வந்தான். "கடலுக்குப் பக்கத்துல குடியிருந்துட்டு உப்புக்குக் காசு வாங்கறாங்க பாருங்க சாமி" என்று சலித்துக்கொண்டார் அந்த அம்மா. எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

இருபத்து நான்கு பேர் போயிருந்தோம். இரண்டு நாள், ஐந்து வேளைச் சாப்பாடு. ராமேஸ்வரம் தீவில் சாப்பாட்டு வகையில் நாங்கள் செலவழித்தது அந்த உப்புப் பாக்கெட் ஒன்றுதான். அன்றைக்கு எனக்கு இது உறைக்கவில்லை. உறைக்கப் பல வருஷம் ஆனது.

நான் மடத்துக்குளத்துக்காரன். உடுமலையிலிருந்து பழனிக்குப் போகிற வழியில், அமராவதிப் பாலத்தை ஒட்டி, பஸ் ஒரு நிமிஷம் நின்று போகிற ஊர். 2009-ல் திருப்பூர் மாவட்டம் உருவான பிறகு தாலுகா ஆபீஸ், புதுப் பலகை என்று கொஞ்சம் நிமிர்ந்தது. நெல், கரும்பு, தென்னை. கிருஷ்ணாபுரத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. சுற்றிலும் நூல் மில்கள். மீதிப்பேர் திருப்பூரில் அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமைச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு ஊருக்கு வருகிறவர்கள். நான் 1991-ல் மெட்டடார் வேனில் கிளீனராக ஏறினேன். ஆறு வருஷம் கழித்து ஸ்டியரிங் கைக்கு வந்தது. 2003-ல் பைனான்ஸ் போட்டுச் சொந்த வண்டி. பழனி, ஆறுபடை வீடு, மேல்மருவத்தூர், வேளாங்கண்ணி, சபரிமலை எல்லாம் ஓட்டியிருக்கிறேன். ஆனால் என் வண்டியின் டயர் அதிகம் தேய்ந்தது ராமேஸ்வரம் சாலையில்தான்.

அந்தக் காலத்தில் எங்களுக்குப் போட்டி ரயில். மீட்டர் கேஜ் இருந்தவரை கோவை ராமேஸ்வரம் ரயில் பொள்ளாச்சி, உடுமலை, பழனி வழியாகத்தான் போகும். எங்கள் பெரியவர்கள் எல்லாம் காசி பாதி, ராமேஸ்வரம் பாதி என்று அதில்தான் போய் வந்தார்கள். அகலப் பாதைக்காகத் தண்டவாளத்தைப் பெயர்த்துப்போட்டார்கள். பழனி பொள்ளாச்சிப் பாதையில் மறுபடி ரயில் ஓட 2015 ஆகிவிட்டது. அந்த இடைவெளிதான் எங்கள் தொழிலின் பொற்காலம்.

பனியன் கம்பெனிப் பெண்கள் டூர் சீட்டுப் பிடிப்பார்கள். சனிக்கிழமைச் சம்பளத்தில் ஆளுக்கு ஐம்பது ரூபாய். லைன்மேன் மனைவியோ, செக்கிங்கில் இருக்கும் விவரமான அக்காவோ நோட்டுப் போட்டு எழுதி வைத்துக்கொள்வார். தீபாவளி லீவுக்கு போனஸ் கையில் வந்ததும் என் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். "டிரைவரண்ணா, வாடகை எத்தன, டிரைவர் பேட்டா எத்தன, எல்லாம் இப்பவே சொல்லிப்போடுங்க. அப்புறம் வழியில கேக்கக் கூடாது." ஓவர்லாக் மிசினில் பீஸ் ரேட்டுக்குத் தைத்துச் சேர்த்த காசு. ஒரு ரூபாய் வீணாகப் போக விடமாட்டார்கள். அதனால்தான் சமையல் டூர்.

சமையல் டூர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சமையல்காரரைக் கூடவே கூட்டிப் போவது. டாப் கேரியரில் ஏறுகிறவை: கேஸ் சிலிண்டர் ஒன்று, இரட்டை அடுப்பு, அண்டா, இட்லிக் கொப்பரை, அரிசி மூட்டை, பருப்பு, மசாலாப் பொடி, எங்கள் தோப்புத் தேங்காய் முப்பது, காய்கறிக் கூடை, ஜமுக்காளம், பாய், தைத்த இலைக் கட்டு, தண்ணீர் டிரம் இரண்டு. முதல் ராத்திரிக்குக் கட்டுச்சோறு தனியாக மடியில் இருக்கும். இத்தனையையும் தார்ப்பாய் போட்டு இழுத்துக் கட்டினால் வண்டி கோயில் தேர் மாதிரி ஆடும். ஒட்டன்சத்திரம் தாண்டி வளைவுகளில் திரும்பும்போது வயிற்றைக் கலக்கும். ராத்திரி ஒன்பதுக்குக் கிளம்பினால் திண்டுக்கல், மதுரை, மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம். பாம்பன் பாலத்தில் ஏறும்போது கிழக்கே வெளுக்கும். முன்னூறு கிலோமீட்டருக்கு மேல்.

பாலத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக முடியாது. 1988-ல் சாலைப் பாலம் திறந்த பிறகுதான் அந்தத் தீவுக்கு வேன் தொழிலே போனது. அதுவரை 1914-ல் கட்டிய ரயில் பாலம் ஒன்றுதான் வழி. பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தச் சொல்லாத கட்சியை இதுவரை நான் ஏற்றியதில்லை. நிறுத்தினால் போலீஸ் அபராதம். நிறுத்தாவிட்டால் பின்சீட்டிலிருந்து சாபம். இரண்டையும் பலமுறை வாங்கியிருக்கிறேன்.

ராமேஸ்வரத்தில் எங்கள் நிகழ்ச்சி நிரல் மாறவே மாறாது. அக்னி தீர்த்தக் கடலில் முழுக்கு. ஈரத் துணியோடு கோயிலுக்குள் 22 தீர்த்தம்; சீட்டு இருபத்தைந்து ரூபாய். கிணற்று மேட்டில் நின்று வாளி வாளியாக இறைத்துத் தலையில் ஊற்றுகிறவர்கள் அந்த ஊர் ஆட்கள். ஒரு நாளைக்கு எத்தனை வாளி என்று ஒருவரிடம் கேட்டேன். கையைத் திருப்பி உள்ளங்கையைக் காட்டினார். கயிறு அறுத்த கோடுகள் காய்த்துப்போய்ச் செருப்புத் தோல் மாதிரி இருந்தது. கொரோனாவில் தீர்த்தக் கிணறுகளை மாதக்கணக்கில் மூடிவைத்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் கைதான். அப்போது என் வண்டியும் வீட்டு முன்னால் தார்ப்பாய் போர்த்தி நின்றது. பைனான்ஸ்காரன் மட்டும்தான் ஊரில் ஊரடங்கு இல்லாதவன்.

தரிசனம் முடிந்தால் சமையல், சாப்பாடு. பிறகு ராமர் பாதம், தனுஷ்கோடி. திரும்பும் வழியில் தேவிபட்டினத்தில் கடலுக்குள் இருக்கும் நவபாஷாணம், நேரம் இருந்தால் திருப்புல்லாணி. 2017 ஜூலைக்குப் பிறகு பேக்கரும்பில் கலாம் நினைவிடமும் சேர்ந்துகொண்டது. இதில் எங்கே அந்த ஊருக்குக் காசு விழுகிறது என்று பாருங்கள். குளியலறை, கழிப்பறைக்குச் சில்லறை. தீர்த்தச் சீட்டு. சங்கு, பாசிமணி, வண்டி முன்னால் தொங்கவிடும் சோழித் தோரணம். அவ்வளவுதான். படுப்பது பெரும்பாலும் வண்டிக்குள்ளேயே அல்லது சத்திரத்துத் திண்ணையில்.

நாங்கள் இறக்கிவிட்டு வந்தது என்ன? எச்சில் இலை. தேங்காய் மட்டை. அரிசி கழுவிய, பாத்திரம் கழுவிய தண்ணீர். 2019 தொடக்கத்தில் பிளாஸ்டிக் தடை வரும்வரைக்கும் கேரிப் பைகள். அதற்குப் பிறகும் கொஞ்சம். கருவேல மரங்களுக்குப் பின்னால் நாங்கள் விட்டு வந்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அந்த மரங்களுக்கு அந்தப்பக்கம் குடிசைகள் இருந்தன என்பதைப் பகலில் ஒருநாள் பார்த்தேன்.

கமிஷனைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. சமையல் டூர் இல்லாத கட்சிகள், கொஞ்சம் வசதியானவர்கள், அறை எடுப்பார்கள். விடுதியில் டிரைவருக்குச் சாப்பாடு இலவசம், அறைக்கு இவ்வளவு என்று கையில் காசு. சங்குக் கடையில் விற்பனையில் நூற்றுக்கு இருபது, சில சமயம் முப்பது. நான் வாங்கியிருக்கிறேன். வாங்காத டிரைவரை எனக்குத் தெரியாது.

ஒருமுறை கணியூர்ப் பக்கத்துப் பாட்டியம்மா ஒருவர். மகன் கொடுத்தனுப்பிய பணத்தில் ஆயிரத்து ஐந்நூறு கொடுத்து வலம்புரிச் சங்கு வாங்கினார். முந்தானையில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். என் பங்கு முன்னூறு. அடுத்த டிரிப்பில் கடைப் பையனோடு டீ குடிக்கும்போது அவன் பேச்சுவாக்கில் சொன்னான்: அது நம் கடல் சங்கே இல்லையாம். அமெரிக்கப் பக்கத்துக் கடலில் வேறொரு ஜாதிச் சங்கு பிறவியிலேயே அந்தப் பக்கம் சுழித்திருக்குமாம். அதைக் கொண்டுவந்து வலம்புரி என்று விற்கிறார்களாம். நம் சங்கில் வலம்புரி லட்சத்தில் ஒன்று கிடைத்தால் அதிசயம். "ஒனக்கு எவ்வளவு தம்பி சம்பளம்?" என்று கேட்டேன். சொன்னான். என் முன்னூறு, அவனுக்கு இரண்டு நாள் கூலிக்கு மேல். சங்கைக் கோத்துத் தோரணம் கட்டுகிற பெண்கள் அந்தக் கடையின் பின்சந்தில் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் பீஸ் ரேட்தான். எங்கள் திருப்பூர்ப் பெண்கள் பீஸ் ரேட்டில் சம்பாதித்த காசு, அந்த ஊர்ப் பெண்களின் பீஸ் ரேட்டைத் தாண்டி, என் சட்டைப் பையில் வந்து விழுந்துகொண்டிருந்தது.

பாட்டியம்மாவிடம் நான் சொல்லவில்லை. அந்தச் சங்கு இன்னும் அவர் பூஜையில் இருக்கிறது. சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்றைக்கும் எனக்கு முடிவு தெரியாது.

மிதக்கும் கல்லையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். தொட்டியில் போட்டு, ராமர் பாலத்துக் கல் என்று காட்டுவார்கள். செத்த பவளப்பாறை அது. உள்ளே ஓட்டை ஓட்டையாகக் காற்று இருப்பதால் மிதக்கிறது என்று மண்டபத்தில் கடலாராய்ச்சி நிலையப் பக்கம் டீக்கடையில் ஒருவர் விளக்கினார். பவளப்பாறையைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் 2001 முதலே வனவிலங்குச் சட்டப்படி குற்றம். பக்தி என்று வந்துவிட்டால் சட்டம் எட்டி நின்று கும்பிட்டுவிட்டுப் போய்விடும் போலிருக்கிறது.

தனுஷ்கோடிக்கு வருகிறேன். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் அழிந்த ஊர் என்று எல்லோருக்கும் தெரியும். பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலை, உள்ளே இருந்தவர்களோடு அலை கொண்டுபோனது. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசாங்கம் எழுதி வைத்தது. மீனவர்கள் அதைப் படித்த மாதிரி தெரியவில்லை. ஓலைக் குடிசை போட்டு அங்கேயே இருந்தார்கள், இருக்கிறார்கள். பல வருஷம் மின்சாரக் கம்பி கிடையாது.

ரோடு வருவதற்கு முன்பெல்லாம் எங்கள் வண்டி முகுந்தராயர் சத்திரம் வரைதான் போகும். அதற்கு மேல் மணல், சேறு, முழங்கால் தண்ணீர். அங்கே வரிசையாகப் பழைய வேன்கள் நிற்கும். கண்ணாடி இருக்காது, கதவைக் கயிற்றால் கட்டியிருப்பார்கள், உப்புக் காற்று தகரத்தைச் சல்லடையாக அரித்திருக்கும். ஆனால் எஞ்சின் மட்டும் சிங்கம். கடைசிக் காலத்தில் ஆளுக்கு நூறு, நூற்றைம்பது. அதை ஓட்டுகிறவர்களை நான் குரு ஸ்தானத்தில் வைத்திருக்கிறேன். டயரில் காற்றைப் பாதிக்கு இறக்கிவிட்டு, பிரேக்கையே தொடாமல், தண்ணீரின் நிறத்தைப் பார்த்து எங்கே மண் கெட்டி, எங்கே பொதபொதப்பு என்று கண்டுபிடித்து ஓட்டுவார்கள். நேற்று இருந்த தடம் இன்று இருக்காது. நான் ஒருமுறை ஆசைக்கு ஓட்டிப் பார்த்து, நூறு அடியில் அச்சுவரை புதைத்துவிட்டேன். கூட வந்தவர் திட்டவில்லை. இறங்கி, கையால் மணலை வாரிவிட்டு, "அண்ணே, மணல்ல கியருக்கு வேலை இல்ல, காலுக்குத்தான் வேலை" என்றார். அன்று முதல் சிநேகிதம். பெயர் வேண்டாம். பாதி நாள் கடலுக்குப் போவார், பாதி நாள் வேன். அவர் மனைவி இடிந்த மாதா கோயில் பக்கத்தில் பாசிமணி விற்றார்.

அவர்தான் எனக்கு ஊற்றைக் காட்டினார். இரண்டு பக்கமும் கடல். நடுவே மணலில் இரண்டடி தோண்டிக் காத்திருந்தால் தண்ணீர் ஊறுகிறது. குடித்தேன். இனித்தது. அவர் மனைவி கொட்டாங்குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடத்தில் ஊற்றுவார். வேகமாக மொண்டால் உப்பு ஏறிவிடும் என்றார். என் வண்டி மேலே இரண்டு டிரம் தண்ணீர் இருந்தது. அதில் என் கட்சிக்காரர்கள் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

2017-ல் ரோடு வந்தது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர், கருநாகம் மாதிரி தார்ச்சாலை. கலாம் நினைவிடம் திறந்த அதே ஜூலை 27-ல் அதையும் பிரதமர் திறந்து வைத்தார். திறந்த ஒரு மாதத்தில் நான் போனபோது சிநேகிதரின் வேன் சத்திரத்து ஓரத்தில் நின்றது. "ரோடு வந்துருச்சுண்ணே. இனி நீங்களே போயிருவீக" என்றார். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. நான் அவரை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு அரிச்சல்முனை போனேன். வழியெல்லாம் அவருடைய பழைய தடங்கள் இருந்த இடத்தை விரலால் காட்டிக்கொண்டே வந்தார். பத்து நிமிஷத்தில் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

ரோடு கெடுதல் என்று நான் சொல்லமாட்டேன். ரோட்டில் சோறு தின்கிறவன் நான். குடிசையில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால் மணலில் தூக்கிச் சுமந்த காலம் போனது. பிள்ளைகள் படிக்கப் போவது சுலபமானது. மீன் வறுத்து விற்கிற கடைகள் வந்தன. ஆனால் முன்பு அங்கே போகிற ஒவ்வொரு தலைக்கும் நூறு ரூபாய் அந்தத் தீவுக்காரர் கையில் விழுந்தாக வேண்டும். இப்போது என்னைப் போன்ற ஆயிரம் பேர் நேராகப் போய், முனையில் படம் எடுத்து, அரை மணியில் திரும்பிவிடுகிறோம். கூட்டம் பல மடங்கு. அதில் உள்ளூர்க் கைக்குப் போவது விருப்பப்பட்டவர் வாங்குகிற ஒரு தட்டு மீன். அந்தக் கடைகளையும் அவ்வப்போது ஆக்கிரமிப்பு என்று அகற்றுவார்கள். அங்கேயே பிறந்தவன் போட்ட கீற்றுக் கொட்டகை ஆக்கிரமிப்பு. பகல் முழுக்க நிற்கிற எங்கள் நூறு வண்டிகள் சுற்றுலா.

தடைக்காலம் என்று ஒன்று இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் குஞ்சு பொரிக்கிற காலம். முன்பு 45 நாளாக இருந்தது, 2017-ல் கூட்டினார்கள். பள்ளி விடுமுறையும் அப்போதுதான். எங்கள் கூட்டம் வந்து குவிகிற மாதத்தில்தான் அந்த ஊர்ப் படகுகள் கரையில் நிற்கின்றன. படகில் கூலிக்குப் போகிறவர்கள் அந்த இரண்டு மாதம் விடுதி வாசலில் நின்று, "ரூம் வேணுமாண்ணே" என்று வண்டிகளின் பின்னால் ஓடுவார்கள். இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டு ஜெயிலில் இருந்துவிட்டு வந்தவர், படகை அங்கேயே பறிகொடுத்தவர், எல்லோரையும் அந்த ஓட்டத்தில் பார்த்திருக்கிறேன். நாங்கள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கண்ணாடியை ஏற்றிவிடுவோம். ராமேஸ்வரம் என்றாலே பிடுங்கல், தொல்லை என்று ஊருக்கு வந்து கதை சொல்வோம். மே மாதம் அங்கே தட்டில் வைக்கிற மீனும் பல சமயம் நாட்டுப்படகில் பிடித்தது, இல்லாவிட்டால் ஐஸ் பெட்டியில் மேற்குக் கடற்கரையிலிருந்து வந்தது. அந்தப் பக்கத்துத் தடைக்காலம் ஜூனில்தான் தொடங்குகிறது.

பிடுங்கல் என்ற பேச்சை ஒருநாள் என் சிநேகிதரிடமே உளறிவிட்டேன். தைப்பூசம், பங்குனி உத்திரத்துக்குக் கோவை, பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் எங்கள் ஊர் வழியாகத்தான் நடப்பார்கள். ராப்பகலாகக் காவடியும் வேட்டுச் சத்தமும். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு மோர்ப்பானை வைப்போம், பந்தல் போட்டுத் தக்காளிச் சோறு போடுவோம், கால் வலிக்குத் தைலம் தேய்த்து விடுகிறவர்கள்கூட உண்டு. ஒருவரும் ஒரு பைசா வாங்கமாட்டோம். இதைப் பெருமையாகச் சொல்லி, "உங்கூர்ல குளிக்கவும் காசு, ஒதுங்கவும் காசு" என்றேன்.

அவர் கொஞ்சநேரம் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒங்கூர்ல ஆறு இருக்குண்ணே. நெல்லு வெளையுது, கரும்பு வெளையுது. நடந்து போறவுகளுக்குச் சோறு போட்டாலும் ஒங்களுக்குக் கொறையாது. எங்களுக்கு வர்றவுகதான் வெளச்சல்" என்றார்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்னொன்றும் பிறகு தெரிந்தது. ராமேஸ்வரத்துக் குழாய்களில் வருவது காவிரிக் கூட்டுக் குடிநீர். திருச்சிப் பக்கம் காவிரிப் படுகையிலிருந்து இறைத்து ராமநாதபுரம் மாவட்டத்துக்குக் குழாயில் கொண்டுபோகிறார்கள். எங்கள் அமராவதி கரூர் தாண்டித் திருமுக்கூடலூரில் காவிரியில்தான் சேர்கிறது. ஆக, டாப் கேரியரில் நான் சுமந்துபோன தண்ணீர் எனக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. நொய்யல் வழியாக எங்கள் திருப்பூர் காவிரிக்கு அனுப்பிய சாயத்தின் கதை வேறு. அதை இங்கே எடுத்தால் வண்டி வேறு பக்கம் போய்விடும்.

அவர் அன்றைக்குப் பார்த்துக்கொண்டிருந்த வலையில் மாட்டியிருந்தது மீன் இல்லை. துணி. அக்னி தீர்த்தத்தில் முழுகுகிறவர்கள் உடுத்திய துணியைக் கடலிலேயே விட்டுவிட்டு வந்தால் தோஷம் போகும் என்று நினைக்கிறார்கள். என் கட்சிக்காரர்களும் விட்டிருக்கிறார்கள். சேலை, வேட்டி, பாவாடை, பனியன். படகின் காற்றாடியில் சுற்றினால் எஞ்சின் நிற்கும், வலையில் சிக்கினால் கண்ணி கண்ணியாகக் கிழியும். அவர் ஒரு பனியனை இழுத்து எடுத்தார். பல மாதம் கடலில் கிடந்தும் கழுத்துப்பட்டி பிரியவில்லை. "நல்ல தையல்ணே" என்றார். கேலியா, நிஜமா, தெரியவில்லை. எங்கள் ஊர்த் தையலாகத்தான் இருக்க வேண்டும்.

இதே பனியனை வேறு விதத்திலும் பார்த்திருக்கிறேன். சன்னதித் தெருக் கடைகளில் தனுஷ்கோடி என்று எழுதி, சங்குப் படம் போட்ட டீ ஷர்ட் தொங்கும். திருப்பூரில் பேட்லாக் அடிக்கிற ஒரு பெண், தங்கைக்கு வாங்கலாம் என்று எடுத்தவர், பழக்கதோஷத்தில் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தார். "அண்ணா, இது காதர்பேட்டைச் சரக்கு. செகண்ட்ஸ். கைல தையல் தவறியிருக்கு பாருங்க." திருப்பூர்க் காதர்பேட்டையில் கிலோக் கணக்கில் போகிற மிச்சச் சரக்கு முன்னூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, படம் ஏறி, அங்கே ஊர் ஞாபகமாகத் தொங்குகிறது. அப்படியிருந்தும் அவர் வாங்கிவிட்டார். கடற்கரைக்கு வந்து வெறுங்கையோடு போகக் கூடாதல்லவா? விலை மட்டும் பாதியாகக் கேட்டார். கடைக்காரருக்கு அவர் யாரென்று புரிந்து, சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டார்.

நான் மாறியது ஞானோதயத்தால் இல்லை, பயத்தால். 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலை மதுரை ரயில் நிலையத்தில் நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டி எரிந்தது. லக்னோவிலிருந்து வந்த யாத்திரிகர்கள். பெட்டிக்குள் சிலிண்டர் வைத்து டீ போட்டபோது பற்றிக்கொண்டது. ஒன்பது பேர் போய்விட்டார்கள். அதுவும் ஒரு சமையல் டூர்தானே! அந்தச் செய்தியைப் பார்த்த ராத்திரி என் டாப் கேரியரை நினைத்துத் தூங்கவில்லை. முப்பது வருஷமாக, இருபத்து நான்கு பேரின் தலைக்கு மேல் சிலிண்டரை ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் வளைவுகளில் திரும்பியிருக்கிறேன்.

மறுநாளே அடுப்பு ஏற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். டூர் சீட்டு அக்காக்கள் சண்டைக்கு வந்தார்கள். "ஓட்டல்ல தின்னு கட்டுப்படியாகுமாங்க?" நியாயமான கேள்வி. சிநேகிதருக்குப் போன் செய்தேன். அவர் மனைவியும், பக்கத்து வீட்டில் இரண்டு பெண்களும் சேர்ந்து ஆக்கித் தருவதாகச் சொன்னார்கள். காலை இட்லி, மத்தியானம் சோறு, மீன்குழம்பு, சைவக்காரர்களுக்குச் சாம்பார். நான் அதில் கமிஷன் வாங்குவதில்லை. சங்குக் கடையிலும் விட்டுவிட்டேன். விடுதியில் இன்னும் டிரைவர் சாப்பாடு சாப்பிடுகிறேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

இதனால் சில கட்சிகள் போய்விட்டன. வருஷத்துக்குப் பத்து டிரிப் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு மில் யூனிட்டே வேறு வண்டி பார்த்துக்கொண்டது. அந்த வண்டியில் டாப் கேரியரில் சிலிண்டர் ஏறுகிறது. என் மனைவி இதை மாதம் ஒருமுறை ஞாபகப்படுத்துவாள்.

வண்டிக்கு வருகிறவர்களிடம் இப்போது முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கட்டுச்சோறு முதல் ராத்திரிக்கு மட்டும். துணியைக் கடலில் விடக் கூடாது. விடத்தான் வேண்டும் என்றால், ஒரு பையில் போட்டுக் கொடுங்கள், கரையில் இருக்கும் ஏழை எளியவர் யாருக்காவது கொடுத்துவிடுகிறேன். மத்தியானச் சாப்பாடு சிநேகிதர் வீட்டில். இரண்டு நாள் முன்னால் தலைக்கணக்குச் சொன்னால் போதும். காசை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். தடைக்காலத்தில் போனால் பெரிய மீன் இருக்காது; கருவாட்டுக் குழம்புதான்.